கேம் கதாபாத்திரத்தைச் சிலையாக்குவது எப்படி: மாடல் எடுப்பது முதல் வார்னிஷ் வரை

திரையில் நிற்கும் வீரன் வெறும் தோல்தான். உள்ளே ஒன்றும் கிடையாது. மேலங்கி ஒற்றைப் பக்கத் தாள். தலைமுடி, ஒளிபுகும் படம் ஒட்டிய பட்டைகள். கவசத்தில் தெரியும் பள்ளமும் மேடும் நார்மல் மேப் என்ற படம் காட்டும் மாயம். கண்ணுக்குக் காட்டுவதற்காகச் செய்த இந்த மாடலைத் தன் எடையைத் தானே தாங்கி நிற்கும் திடப்பொருளாக மாற்றுவதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. பிரிண்டர் அதற்குப் பிறகுதான். கணினியில் இரண்டு நாள் கூடுதலாகச் செலவழித்தால் ரெசினும் (ஒளி பட்டால் கெட்டியாகும் அச்சுத் திரவம்) நேரமும் வீணாகாது.

இங்கே எடுத்துக்கொள்ளும் உதாரணம், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் நீங்களே உருவாக்கிய கவசம் அணிந்த ஒரு வீரன். உயரம் 150 மி.மீ. அதாவது 1.8 மீட்டர் மனிதனின் பன்னிரண்டில் ஒரு பங்கு. இந்த விளையாட்டுக்கு இதில் ஒரு வரலாறும் உண்டு. மைக்ரோசாஃப்டின் கேம் பிரிவில் இருந்த எட் ஃப்ரைஸ் 2007இல் தொடங்கிய ஃபிகர்பிரிண்ட்ஸ் நிறுவனம், வீரர்களின் சொந்தக் கதாபாத்திரங்களை ஸீ கார்ப்பரேஷனின் வண்ணப் பவுடர் பிரிண்டர்களில் சிலையாக்கிக் கொடுத்தது. அன்று ஒரு நிறுவனம் செய்த வேலையை இன்று வீட்டு மேசையிலேயே செய்துவிடலாம்.

மாடலை எடுப்பது

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டுக்கு வாவ்.எக்ஸ்போர்ட் என்ற இலவசச் செயலி போதும். இனம், முகம், கவசம், ஆயுதம் எல்லாவற்றையும் அதிலேயே தேர்ந்தெடுத்து ஜிஎல்டிஎஃப் வடிவில் சேமியுங்கள். ஓபிஜே வடிவில் எலும்புகள் வராது. எலும்பு இல்லாவிட்டால் போஸ் மாற்ற வழியில்லை. ஸ்கைரிம் போன்ற விளையாட்டுகளின் நிஃப் கோப்புகளை நிஃப்ஸ்கோப் திறக்கும். மைன்கிராஃப்ட் கட்டடமென்றால் எரிக் ஹெய்ன்ஸ் எழுதிய மைன்வேஸ் இருக்கிறது. வேண்டிய பகுதியை வரைபடத்தில் குறித்தால், அந்தரத்தில் மிதக்கும் துண்டுகளை நீக்கி, அச்சுக்கு ஏற்ற கோப்பாகவே அது கொடுத்துவிடும். முதன்முறை செய்பவர்கள் மைன்கிராஃப்டிலிருந்து தொடங்குவது நல்லது. கட்டம் கட்டமான உருவத்தில் பழுது பார்க்க வேண்டியது குறைவு.

திரையில் ஓடிக்கொண்டிருக்கும் காட்சியிலிருந்து மாடலைப் பிடித்தெடுக்கும் நின்ஜா ரிப்பர் போன்ற கருவிகளும் உண்டு. ஆன்லைன் விளையாட்டு ஓடும்போது இவற்றைத் தொடாதீர்கள். ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் இதை ஹேக் என்று எடுத்துக்கொண்டால் கணக்கே முடங்கும். இன்னொன்று: கதாபாத்திரத்தின் உரிமை கேம் நிறுவனத்துடையது. சொந்த அலமாரிக்கு ஒன்று செய்துகொள்வதும், அச்சடித்து விற்பதும் ஒன்றல்ல. விற்க வேண்டுமென்றால் உரிமம் வேண்டும்.

அளவும் போஸும்

பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளில் புதுக் கோப்பு திறந்ததும் முதல் வேலை அலகை மாற்றுவது. சீன் அமைப்பில் யூனிட் ஸ்கேல் 0.001, நீளம் மில்லிமீட்டர். இதைச் செய்யாவிட்டால் 2 அலகு உயரமுள்ள வீரன் ஸ்லைசரில் (மாடலை அடுக்கடுக்காக வெட்டிப் பிரிண்டருக்குக் கொடுக்கும் மென்பொருள்) 2 மி.மீ எறும்பாக வந்து நிற்பான். காரணம், ஸ்லைசருக்குக் கொடுக்கும் எஸ்டிஎல் கோப்பில் அலகு என்ற தகவலே இல்லை. ஸ்லைசர் எல்லா எண்ணையும் மில்லிமீட்டராகவே படிக்கும். மாடலை 150 மி.மீ உயரத்துக்குப் பெரிதாக்கி, கண்ட்ரோல் + ஏ அழுத்தி ஸ்கேலை உறுதிசெய்யுங்கள். இனி நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு தடிமனும் கையில் வரப்போகும் உண்மையான தடிமன்.

போஸைத் தேர்வு செய்யும்போது அழகோடு எடையையும் பாருங்கள். இரண்டு பாதமும் தரையில் இருந்தால் சிக்கல் இல்லை. ஒற்றைக் காலில் பாய்கிற போஸ் வேண்டுமென்றால் மேலங்கியின் நுனியோ, ஒரு பாறையோ, ஊன்றிய வாளோ இன்னொரு தாங்குபுள்ளியாக வேண்டும். ரெசின் கணுக்கால் ஒன்று மட்டும் முழு எடையையும் சுமந்தால், வெயில் காலத்தில் மெல்ல மெல்லச் சாய்ந்துவிடும். போஸ் முடிந்ததும் ஆர்மேச்சர் மாடிஃபையரை (எலும்பின் அசைவை மாடலில் காட்டும் கருவி) அப்ளை செய்துவிட்டு எலும்புகளை நீக்குங்கள். முழங்கை, அக்குள், இடுப்பு மடிப்புகளில் மெஷ் (மாடலின் வலைப் பரப்பு) நசுங்கியிருக்கும். ஸ்கல்ப்ட் மோடில் ஸ்மூத் தூரிகையால் நான்கைந்து தடவல் போதும்.

தோலைத் திடமாக்குவது

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, எம் அழுத்தி, மெர்ஜ் பை டிஸ்டன்ஸ், 0.01 மி.மீ. கேம் மாடல்களில் டெக்ஸ்ச்சர் (மேலே ஒட்டிய வண்ணப் படம்) தையல் ஓடும் இடமெல்லாம் புள்ளிகள் இரட்டையாக இருக்கும். பார்வைக்கு ஒட்டியிருக்கும், உண்மையில் பிளந்திருக்கும். இந்த ஒரு கட்டளையிலேயே முக்கால்வாசிப் பிளவுகள் மூடிக்கொள்ளும். பிறகு ஃபேஸ் ஓரியன்டேஷனைப் போட்டுப் பாருங்கள். வெளிப்பக்கம் எங்கும் சிவப்பு தெரியக் கூடாது. சிவப்பாகத் தெரிவது உள்வெளி தலைகீழான முகம் (மெஷ்ஷின் ஒரு சிறு தட்டைத் துண்டு). ஷிஃப்ட் + என் அழுத்தினால் பெரும்பாலும் சரியாகும்.

அடுத்து களையெடுப்பு. கண்ணிமை முடி, புருவப் பட்டை, வாய்க்குள் இருக்கும் நாக்கும் பல்லும் (வாய் மூடிய போஸ் என்றால்), ஒளிவட்டம், மந்திரப் புகை, தரை நிழல் அனைத்தையும் நீக்குங்கள். பட்டைத் தலைமுடியைச் சரிசெய்ய முயல வேண்டாம். பட்டைகளுக்குத் தடிமன் கொடுத்தால் முடி போல் வராது, கிழிந்த ஓலைக்கீற்று போல் வரும். பழைய முடியை வழிகாட்டியாக வைத்து, ஒரு கோளத்தை நீட்டி இழுத்து, கற்றை கற்றையாகச் செதுக்குங்கள். கற்றைகளுக்கு நடுவே 0.5 மி.மீ ஆழத்துக்காவது பள்ளம் இருந்தால்தான் பெயின்ட் அடிக்கும்போது முடியாகத் தெரியும்.

மேலங்கி, இடுப்புத் துணி, கொடி போன்ற ஒற்றைத் தாள்களுக்குத் தடிமன் கொடுக்க சாலிடிஃபை மாடிஃபையர். ரெசினில் அச்சடிப்பதானால் 1.2 மி.மீ, ஃபிலமென்டில் (உருக்கி அடுக்கும் பிளாஸ்டிக் இழை) 1.6 மி.மீ. ஈவன் திக்னஸ், ஃபில் ரிம் இரண்டையும் டிக் செய்யுங்கள். ஓரம் மட்டும் தடியாகத் தெரிவது உறுத்தினால், தைத்து மடித்த விளிம்பு போல் செதுக்கிவிடுங்கள். மெலிதாக்கப் போனால் கழுவும்போதே வளையும்.

வாள்தான் எல்லோரும் தவறவிடும் இடம். நிஜ வாளின் தடிமன் 5 மி.மீ என்று வைத்தால் பன்னிரண்டில் ஒரு பங்கில் 0.4 மி.மீ. அச்சில் வரும், தொட்டால் போகும். ரெசினுக்குக் குறைந்தது 1 மி.மீ, ஃபிலமென்டுக்கு 1.5 முதல் 2 மி.மீ ஆக்குங்கள். விரல்கள், அம்பு, கொம்பு நுனி, கணுக்கால் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. விகிதம் கெட்டுவிடுமே என்ற தயக்கம் வேண்டாம். உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் அளவில் சற்றுப் பெருத்த விரல்தான் விரலாகத் தெரியும்.

கவசத்துக்கும் உடம்புக்கும் நடுவில் 0.2 மி.மீ இடைவெளி இருந்தால் அது திரையில் தெரியாது. அச்சில் அங்கே ரெசின் தேங்கி, கழுவினாலும் போகாமல், கடைசியில் பெயின்டின் மேல் கசியும். தோள்கவசத்தின் உள்விளிம்பைத் தேர்ந்தெடுத்து, உடம்புக்குள் 0.5 மி.மீ புதையும்வரை இழுத்து, திறந்த பக்கத்தை எஃப் அழுத்தி மூடுங்கள். ஒவ்வொரு துண்டும் தனித்தனியே மூடிய திடப்பொருளாகி, ஒன்றுக்குள் ஒன்று புதைந்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் எல்லாவற்றையும் சேர்த்து வாக்ஸெல் ரீமெஷ் (சீரான சிறு கட்டங்களால் ஒரே தோலாக மறுபடி பின்னும் கட்டளை). அளவு 0.15 மி.மீ வைத்தால் பத்து லட்சத்துக்கு மேல் முகங்கள் வரும். 0.1 வைத்தால் அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். சாதாரண மடிக்கணினி திணறினால் தலைக்கு மட்டும் 0.1, மற்றவற்றுக்கு 0.15. திறந்த தாள் ஒன்று மிச்சமிருந்தாலும் ரீமெஷ் அங்கே ஓட்டை போடும், அல்லது அந்தப் பகுதியையே தின்றுவிடும். ரீமெஷ் சொதப்பினால் ரீமெஷைத் திட்டிப் பயனில்லை. மூடாத துண்டைத் தேடுங்கள். 3டி பிரிண்ட் டூல்பாக்ஸ் ஆட்-ஆனில் செக் ஆல் அழுத்தினால் நான்-மேனிஃபோல்ட் (சரியாக மூடாத) விளிம்புகளை எண்ணிக் காட்டும். அது பூஜ்யம் ஆகும்வரை மேலே போகாதீர்கள்.

ரீமெஷ் ஆனதும் மாடல் வழுவழுவென்று, முகவெட்டே இல்லாமல் நிற்கும். விளையாட்டில் பார்த்த ஆணித்தலைகள், கவசப் பூவேலை, கண்ணிமை மடிப்பு எல்லாம் படத்தில் இருந்தவை அல்லவா? அவற்றைக் கையால் செதுக்கத்தான் வேண்டும். டெக்ஸ்ச்சர் படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, க்ரீஸ், டிரா ஷார்ப், கிளே ஸ்ட்ரிப்ஸ் ஆகிய மூன்று தூரிகைகளால் வேலை செய்யுங்கள். கோடுகள் 0.3 மி.மீ அகலமும் ஆழமும் இருந்தால் ரெசினில் தெளிவாக வரும். முகத்துக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். கண் குழியை இயல்பைவிட ஆழமாக, மேலிமையைச் சற்று முன்துருத்தி, உதடுகளுக்கு நடுவே நல்ல பள்ளம். 150 மி.மீ சிலையில் முகம் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அடக்கமாகச் செதுக்கியது எதுவும் பிரைமர் என்ற அடிப்பூச்சுக்குப் பிறகு தெரியாது.

வெட்டுவது

முழுச் சிலையை ஒரே துண்டாக அச்சடிப்பதைவிட தலை, வாள் பிடித்த கை, மேலங்கி, பீடம் எனப் பிரித்து அச்சடிப்பது நல்லது. சப்போர்ட் (அச்சின்போது தாங்கும் தற்காலிகத் தூண்கள்) குறையும், பெயின்ட் தூரிகை எல்லா மூலைக்கும் போகும், ஒன்று கெட்டால் அதை மட்டும் மறுபடி அடிக்கலாம். வெட்டைக் கண்ணில் படாத இடத்தில் ஒளியுங்கள்: கழுத்துப் பட்டைக்கு உள்ளே, கையுறை விளிம்பில், இடுப்பு வாருக்கு அடியில். பூலியன் டிஃபரன்ஸ் (ஒரு உருவத்திலிருந்து இன்னொன்றைக் கழிக்கும் கட்டளை) மூலம் வெட்டி, ஒரு பக்கம் முளை, மறுபக்கம் துளை. முளை வட்டமாக இருந்தால் கை சுழன்றுகொண்டே இருக்கும். சதுரமாகவோ ஒரு பக்கம் தட்டையாகவோ வையுங்கள். துளை முளையைவிட ஒவ்வொரு பக்கமும் ரெசினில் 0.1 முதல் 0.15 மி.மீ, ஃபிலமென்டில் 0.2 மி.மீ பெரிதாக இருக்கட்டும். தலையைக் கழற்றி மாற்ற ஆசையிருந்தால் 5 × 2 மி.மீ நியோடைமியம் காந்தம், அதற்கு 5.2 மி.மீ அகலமும் 2.1 மி.மீ ஆழமும் உள்ள குழி. காந்தத்தை ஒட்டும் முன் எந்த முகம் எதை ஈர்க்கிறது என்று மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள்.

பாதத்திலிருந்து முழங்கால் வரை 2 மி.மீ பித்தளைக் கம்பி போக 2.2 மி.மீ துளை விட்டுவிடுங்கள். கால் ஒடிவதற்கும் சாய்வதற்கும் இதைவிட நல்ல மருந்து இல்லை.

ரெசினில் அச்சடிப்பது

70 கிலோ மனிதன் ஏறக்குறைய 70 லிட்டர் இடம் அடைப்பவன். பன்னிரண்டில் ஒரு பங்கென்றால் 1728ஆல் வகுக்க வேண்டும்: 40 மில்லி. கவசம், மேலங்கி, பீடம், சப்போர்ட் சேர்த்து 80 முதல் 100 மில்லி ரெசின் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லைசராக லிச்சியோ சிட்டுபாக்ஸோ எதுவானாலும் சரி. மோனோ (ஒற்றை நிற) திரை பிரிண்டரில் தொடக்க எண்கள் இவை: லேயர் (ஓர் அடுக்கு) 0.05 மி.மீ, வெளிச்சம் லேயருக்கு 2 முதல் 3 நொடி, அடி லேயர்கள் 5 அல்லது 6, ஒவ்வொன்றும் 25 முதல் 35 நொடி. ரெசினுக்கு ரெசின் இது மாறும் என்பதால் புதுப் பாட்டிலைத் திறந்ததும் சோதனைத் துண்டு ஒன்றை அடித்துப் பாருங்கள். வெளிச்சம் குறைந்தால் சப்போர்ட் அறுந்து, சிலை தொட்டியின் அடித்தாளில் ஒட்டிக்கொள்ளும். கூடினால் செதுக்கிய கோடெல்லாம் அடைபட்டு, முளை துளைக்குள் போகாது. அறையும் ரெசினும் 25 டிகிரிக்கு மேல் இருக்கட்டும். குளிர்ந்த ரெசின் கெட்டியாகி, லேயர்கள் சரியாகப் பிடிக்காது.

உடலை மல்லாக்க 30 முதல் 45 டிகிரி சாய்த்து, முதுகுப் பக்கம் சப்போர்ட் வாங்கும்படி வையுங்கள். சப்போர்ட் தழும்பு எப்படியும் விழும். அது மேலங்கி மறைக்கும் முதுகில் விழட்டும், முகத்தில் வேண்டாம். தாழ்ந்த புள்ளிகளில் 0.5 மி.மீ முனையுள்ள தடித்த சப்போர்ட், மற்ற இடங்களில் 0.3. விரல் நுனி, தாடி நுனி, கொக்கி போல் கீழ்நோக்கித் தொங்கும் எதுவும் தனித் தீவாகத் தொடங்கும். அதற்கு அடியில் சப்போர்ட் இல்லையென்றால் அந்தத் துண்டு வராது. ஸ்லைசரின் தீவு கண்டறியும் வசதியை நம்புங்கள், ஆனால் லேயர் ஸ்லைடரைக் கீழிருந்து மேலே ஒருமுறை நகர்த்தி நீங்களும் பாருங்கள்.

உடலை உள்ளீடற்றதாக்கினால் சுவர் 2 மி.மீ, வடிகால் துளைகள் குறைந்தது இரண்டு, ஒவ்வொன்றும் 3 மி.மீ. ஒன்று அச்சுத் தட்டுக்கு மிக அருகே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே உண்டாகும் வெற்றிடம் உறிஞ்சி, ஒவ்வொரு தூக்கலிலும் சுவர் பிதுங்கி, நடுவில் லேயர் பிளக்கும். உள்ளே காயாத ரெசின் மிச்சமிருந்தால் அது பல மாதம் கழித்துக்கூட சிலையை உள்ளிருந்தே விரிசல் விட வைக்கும். சிரிஞ்சால் ஆல்கஹால் பீய்ச்சி உள்ளே கழுவுங்கள். 150 மி.மீ சிலையைத் துண்டுகளாக்கி அடிப்பதாக இருந்தால் உள்ளீடற்றதாக்காமல் விடுவதே நிம்மதி. 40 மில்லியில் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது?

95 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் இரண்டு குளியல், ஒவ்வொன்றும் 2 முதல் 3 நிமிடம். நன்றாக உலர்ந்த பிறகு, வெதுவெதுப்பான நீரில் முக்கி சப்போர்ட்டைக் கழற்றுங்கள். கெட்டிப்படுத்திய பின் கழற்றினால் சதையோடு பிய்த்துக்கொண்டு வரும். பிறகு மறுபடி உலரவிட்டு, 405 நானோமீட்டர் விளக்கில் 3 முதல் 6 நிமிடம். ஈரத்தோடு விளக்கில் வைத்தால் வெள்ளைப் பூச்சு படியும். நேரம் கூடினால் மஞ்சளாகி நொறுங்கும். நைட்ரைல் கையுறையும் திறந்த சன்னலும் கட்டாயம். காயாத ரெசின் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு அது போகாது. கழுவிய ஆல்கஹாலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மூடிய ஜாடியில் வெயிலில் வைத்தால் ரெசின் அடியில் கெட்டியாகும். மேலே தெளிந்ததை வடித்து மறுபடி பயன்படுத்தலாம்.

ஃபிலமென்ட் பிரிண்டர் மட்டும் இருந்தால்

சிலையை 200 மி.மீக்கு மேல் பெரிதாக்குங்கள். 0.2 மி.மீ நாசில், 0.08 முதல் 0.12 மி.மீ லேயர், பிஎல்ஏ பிளாஸ்டிக், ட்ரீ சப்போர்ட், சுவர் 3 சுற்று, உள்நிரப்பு 15 சதவீதம். வாளை நிற்கவைத்து அடித்தால் லேயர் கோட்டிலேயே ஒடியும். படுக்கவைத்தால் இழை நீளவாக்கில் ஓடும், வளைத்தாலும் தாங்கும். முகத்தில் லேயர் கோடு தெரிந்தால் ஃபில்லர் பிரைமர் இரண்டு பூச்சு, நடுவே 400 எண் உப்புத்தாள், கடைசியில் 800. உப்புத்தாள் தேய்க்கும்போது மூக்கு நுனியையும் சேர்த்துத் தேய்த்துவிடாதபடி பாருங்கள்.

வண்ணத்தோடு அச்சடிக்கக் கொடுத்தால்

முழு வண்ண அச்சுச் சேவைக்கு அனுப்புவதாக இருந்தால் ஒரு முக்கிய வேறுபாடு: ரீமெஷ் செய்த மாடலில் பழைய டெக்ஸ்ச்சர் ஒட்டாது. புது மெஷ்ஷுக்கு யூவி விரித்து (படம் ஒட்ட, பரப்பைத் தட்டையாகப் பிரித்து), பழைய மாடலிலிருந்து செலக்டட் டு ஆக்டிவ் முறையில் டிஃப்யூஸ் (அடிப்படை) நிறத்தை மட்டும் பேக் செய்யுங்கள், அதாவது புதுப் படமாகப் பதியுங்கள். படம் 4096 பிக்ஸல். உலோகமெல்லாம் கறுப்பாக வந்தால் பதற வேண்டாம். விளையாட்டில் உலோகப் பொருளுக்கு நிறத்தைவிட சுற்றுப்புறப் பிரதிபலிப்புதான் வெளிச்சம் தரும், பேக்கில் அது வராது. மெட்டாலிக் மதிப்பை 0 ஆக்கி மறுபடி பேக் செய்து, வெள்ளி, தங்கப் பகுதிகளைக் கையால் வெளுக்க வேண்டும். மொத்தப் படத்தையும் கொஞ்சம் பிரகாசமாக்குங்கள். திரையின் நிறம் மையில் எப்போதும் மங்கும். பவுடர் அச்சு எளிதில் உடையும், சுவர் 2 முதல் 3 மி.மீ தேவை. ஆகவே மெல்லிய வாள் ஏந்திய வீரனுக்கு அது பொருந்தாது. குண்டான, குட்டையான கதாபாத்திரத்துக்குப் பிரமாதமாக வரும்.

பெயின்ட்

சாம்பல் பிரைமரை 20 செ.மீ தள்ளிப் பிடித்து மெலிதாக இரண்டு பூச்சு. அதன் மேல் தலைக்கு நேர் மேலிருந்து வெள்ளையை லேசாகத் தூவினால் நிழல் எங்கே விழும் என்பது தானாகவே தெரியும். அக்ரிலிக் பெயின்டைச் சம அளவு தண்ணீர் கலந்து, ஒரே தடித்த பூச்சுக்குப் பதில் மூன்று மெல்லிய பூச்சாக அடியுங்கள். தடித்துப் பூசினால் 0.3 மி.மீ கோடு மூடிப்போகும். நிறங்களுக்கு டெக்ஸ்ச்சர் படமே அட்டவணை. அதில் நிழலும் சேர்த்து வரைந்திருப்பார்கள் என்பதால், ஒவ்வொரு பரப்பின் நடுநிறத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இருண்ட வாஷ் (நீர்த்த பெயின்ட்) பள்ளங்களில் இறங்கியதும், காய்ந்த தூரிகையில் வெளிர் நிறம் தொட்டு விளிம்புகளைத் தேயுங்கள். கவசம் அப்போதுதான் உலோகமாக எழுந்து நிற்கும். கண்ணை வெள்ளையில் தொடங்காதீர்கள். முதலில் கரும்பழுப்பு, அதற்குள் ஒடுக்கமான வெண்மை, பிறகு கருவிழி. மூன்று பூஜ்ய (000) தூரிகை போதும்.

துண்டுகளைச் சூப்பர் குளூவில் ஒட்டி, இணைப்பில் பட்டி வைத்து, அந்த இடத்தை மட்டும் மறுபடி பெயின்ட் அடித்து, மேட் வார்னிஷ். மழை நாளில் ஸ்ப்ரே வார்னிஷ் அடிக்க வேண்டாம். காற்றின் ஈரம் சிக்கி மொத்தச் சிலையும் வெளுத்துவிடும், பிறகு மீட்பது கடினம். மேட் காய்ந்ததும் கண்ணுக்கும் ரத்தினக் கல்லுக்கும் மட்டும் ஒரு சொட்டு பளபளப்பு வார்னிஷ். நேர் வெயில் படாத அலமாரியில் வையுங்கள். ரெசின் வெயிலில் மஞ்சளாகி நொறுங்கும், பிஎல்ஏ 60 டிகிரியை நெருங்கும்போதே இளகும். கதவு மூடிய காருக்குள் சிலையை விட்டுச் செல்ல வேண்டாம்.